டைம்லர் கட்டிய மீன்பாடி வண்டி

ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் இருபது நிமிடம் போனால் என் நண்பர் ஒருவர் வீடு வரும். மன்னார்குடிக்காரர். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர், மிச்சம் இரண்டு நாள் கிரீஸ். ஒரு பழைய பீட்டில் காரை வாங்கி வீட்டுக் கராஜில் நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. மட்கார்டைக் கழற்றிக் கடாசிவிட்டு, கூரையைத் தாழ்த்தி, முரட்டு இன்ஜின் ஒன்றை ஏற்றி அதை ஹாட் ராட் ஆக்கிவிட வேண்டும் என்பது அவர் கனவு. ஹாட் ராட் என்றால் வேறொன்றும் இல்லை, கிழட்டு உடம்பில் வாலிப இதயம். கலிபோர்னியாப் பையன்கள் 1932 மாடல் ஃபோர்டைச் சல்லிசாக வாங்கிப் பிரித்து மேய்ந்து, வறண்ட ஏரிகளில் விரட்டிப் பார்த்து, 1940களில் ஊருக்கெல்லாம் பரப்பிய வியாதி அது.

கலிபோர்னியாக்காரனுக்கு வறண்ட ஏரி வாய்த்தது. என் நண்பருக்கு வாய்த்தது ஜெர்மனி. ஞாயிற்றுக்கிழமை டிரில்லிங் மெஷினைத் தொடக் கூடாது. மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை பக்கத்து வீட்டுப் பாட்டி தூங்குவார், சுத்தியலும் தூங்க வேண்டும். ஆயில் சொட்டு மண்ணில் விழுந்தால் பஞ்சாயத்து. கராஜ் என்பது கார் நிறுத்த மட்டுமே, அதில் பட்டறை போட்டால் அதுவும் குற்றம். இத்தனையையும் தாண்டி வண்டியை முடித்தாலும், ட்யூஃப் என்கிற தொழில்நுட்பச் சோதனைக்காரர் வந்து ஒவ்வொரு நட்டுக்கும் ஜாதகம் கேட்பார். நாலு வருஷத்தில் நண்பர் கழற்றியது பதினாறு நட்டு, திரும்ப மாட்டியது ஒன்பது.

“இதுக்குப் பதிலா ஒரு ஆடு வாங்கிக் கட்டியிருந்தா, பாலாவது கிடைச்சிருக்கும்” என்பது அவர் மனைவியின் கட்சி.

இந்தக் கொடுமையில் ஒரு வேடிக்கை உண்டு. நண்பர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க கான்ஸ்டாட்டில்தான், ஒரு மனிதர் வீட்டுத் தோட்டத்தில் பட்டறை போட்டு, ராத்திரி பகலாகத் தட்டி, போலீஸே வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பி, கடைசியில் குதிரை வண்டியில் இன்ஜினை ஏற்றி ஓட்டினார். அவர் பெயரில் இன்று ஊரெல்லாம் தெரு இருக்கிறது. அதே காரியத்தைச் செய்யும் என் நண்பர் பெயரில் பக்கத்து வீட்டுப் பாட்டியின் புகார்க் கடிதம்தான் இருக்கிறது.

காட்லீப் டைம்லர் 1834இல் ஷோர்ன்டார்ஃப் என்ற ஊரில் ரொட்டிக்கடைக்காரர் மகனாகப் பிறந்தார். அப்பாவோடு அடுப்படியில் நிற்காமல் துப்பாக்கி செய்யும் தொழிலுக்குப் போனார். அடைத்து வைத்த இடத்தில் எதையாவது வெடிக்கவிட்டு அதில் ஆதாயம் பார்க்கும் புத்தி அங்கேயே வந்திருக்க வேண்டும். பிற்பாடு கொலோன் பக்கத்தில் டாய்ட்ஸ் கேஸ் இன்ஜின் கம்பெனியில் தொழில்நுட்பத் தலைவரானார். அந்தக் கம்பெனியின் மூலபுருஷர் நிக்கோலஸ் ஆட்டோ. நம் ஊர் ஆட்டோவுக்கும் அவருக்கும் பெயர் உறவு கிடையாது. ஆனால் நான்கு வீச்சு இன்ஜினை 1876இல் ஓட்டிக் காட்டியவர் அவர்தான் என்பதால், மீட்டருக்கு மேல் இருபது ரூபாய் கேட்கும் ஒவ்வொரு ஆட்டோவுக்குள்ளும் கொஞ்சம் அந்த ஆட்டோவும் இருக்கிறார்.

ஆட்டோவின் இன்ஜின் ஆலைக்கு ஆனது. தரையில் போல்ட் போட்டு இறுக்கி, நகரத்துக் கேஸ் குழாயில் இணைத்துவிட்டால், நிமிடத்துக்கு இருநூறு சுற்றுக்குள் நிதானமாகச் சுற்றும், மாட்டுச் செக்கு மாதிரி. டைம்லருக்கு அது பிடிக்கவில்லை. இன்ஜின் சிறுத்து, வேகமாகச் சுற்றி, தன்னைத்தானே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றார். ஆட்டோ படிக்காத மேதை, டைம்லர் படித்த பிடிவாதக்காரர். ஒரே ஆபீஸில் இப்படி இருவர் இருந்தால் என்ன நடக்கும் என்று ஆபீஸ் போகிற எவருக்கும் தெரியும். நிர்வாகம் நம் ஊர் வழியையே கையாண்டது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கிளையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று டைம்லரிடம் கேட்டது. தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் என்பார்களே, அதன் பனிபெய்யும் பதிப்பு. டைம்லர் கும்பிடு போட்டுவிட்டு, 1882இல் கான்ஸ்டாட்டில் 75,000 மார்க் கொடுத்து ஒரு பங்களா வாங்கிக் குடியேறினார்.

தனியாகப் போகவில்லை. வில்ஹெல்ம் மைபாக்கையும் கிளப்பிக்கொண்டு போனார். பத்து வயதில் அனாதையாகி, ராய்ட்லிங்கன் ஊர் ஆதரவு இல்லத்தில் வளர்ந்தவர் மைபாக். அங்கே டைம்லர் கண்ணில் பட்டதிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். டைம்லர் கனவு காண்பார், மைபாக் அதைக் காகிதத்தில் வரைந்து, எந்த அளவில் ஓட்டை போட வேண்டும் என்று சொல்வார். கராஜில் வண்டி கட்டும் எல்லாருக்கும் ஒரு மைபாக் வேண்டும். என் நண்பருக்கு வாய்த்தது நான். ஸ்பானரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று இன்னும் அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பங்களாத் தோட்டத்தில் செடி வளர்க்கும் கண்ணாடிக் குடில் ஒன்று இருந்தது. டைம்லர் அதைச் செங்கல் வைத்து நீட்டிப் பட்டறை ஆக்கினார். சகல கதவும் சாத்தி. கான்ஸ்டாட் கனிம ஊற்றுக்குப் பேர்போன ஊர். மூட்டுவலிக்காரர்கள் வந்து வெந்நீரில் ஊறிவிட்டுப் பூங்காவில் மெதுவாக உலாத்துவார்கள். அந்த அமைதியில் ஒரு கண்ணாடிக் குடிலுக்குள்ளிருந்து ராத்திரியெல்லாம் டங் டங் என்று இரும்புச் சத்தம். உள்ளே யார், என்ன செய்கிறார்கள் என்று வீட்டாருக்கே தெரியாது. தோட்டக்காரருக்கு மூக்கு வேர்த்தது. கதவைச் சாத்திக்கொண்டு உலோகத்தை அடிக்கும் இரண்டு பேர் வேறென்ன செய்வார்கள்? கள்ள நாணயம்தான்!

புகார் போனது. ஆளில்லாத நேரமாகப் பார்த்து, தோட்டக்காரர் கொடுத்த சாவியால் போலீஸ் உள்ளே நுழைந்தது என்று கதை. மேசை, அரம், பட்டறைச் சாமான், எண்ணெய்ப் பிசுக்கு, நடுவில் ஓர் இன்ஜின். நாணயம் ஒன்றுகூட இல்லை. ஏமாந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பட்டறையில் பிற்காலத்துப் பல கோடி கிடந்தது என்பதைக் கண்டுபிடிக்கும் வசதி அன்றைய போலீஸிடம் இல்லை.

போலீஸ் கண்ட அந்தச் சாமானைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வேகமாகச் சுற்றும் இன்ஜினில் பெரிய தலைவலி, பெட்ரோல் ஆவிக்கு நேரத்துக்குத் தீ வைப்பது. ஆட்டோவின் இன்ஜினில் ஒரு தட்டு வழுக்கித் திறந்து தீயை உள்ளே காட்டும். சுற்று கூடினால் அந்தத் தட்டு மூச்சுவாங்கும். டைம்லரும் மைபாக்கும் அதைத் தூக்கி எறிந்தார்கள். ஒரு சின்னக் குழாயை சிலிண்டரோடு பொருத்தி, வெளியே பர்னர் வைத்து அது செக்கச்செவேல் என்று தகிக்கும்வரை சூடேற்றினார்கள். உள்ளே அழுத்தப்படும் ஆவி அந்தக் குழாய்க்குள் புகுந்ததும் குப்பென்று பிடித்துக்கொள்ளும். 1883 டிசம்பரில் இதற்குக் காப்புரிமையும் வாங்கியாயிற்று. நிமிடத்துக்கு அறுநூறு சுற்றுக்கு மேல். ஆங்கிலத்தில் இதை சூட்டுக் குழாய் என்றே சொல்வார்கள். கலிபோர்னியாப் பையன்கள் ஹாட் ராட் என்று பெயர் சூட்டுவதற்கு அறுபது வருஷம் முன்பே கான்ஸ்டாட்டில் சுடச்சுட ஒரு கம்பி இருந்தது என்று நண்பரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கையில் ரேடியேட்டர் பைப் இருந்தது.

இதில் ஒரே ஒரு சிக்கல். பெட்ரோலுக்குப் பக்கத்தில் எந்நேரமும் திறந்த தீ. சிக்கல் என்று அவர்கள் அதை நினைக்கவில்லை என்பதுதான் அந்தக் காலத்தின் அழகு.

1885இல் இன்ஜின் நன்றாகச் சிறுத்தது. நிற்கும் தாத்தா கடிகாரம் போல இருந்ததால் கடிகாரம் என்றே செல்லப் பெயர் வைத்தார்கள். அதன் குட்டித் தம்பி 264 சிசி, அரைக் குதிரை சக்தி. அதை எங்கே மாட்டிப் பார்ப்பது? குழந்தைக்கு நடைவண்டி செய்வதுபோல மரத்தில் ஒரு இருசக்கர வண்டி செய்து, விழாமல் இருக்க இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் வைத்து, சீட்டுக்கு நேர் அடியில் இன்ஜினைச் சொருகினார்கள். உலகத்தின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான். டைம்லரின் மகன் நவம்பரில் அதில் ஏறி, கான்ஸ்டாட்டிலிருந்து உன்டர்டுர்க்ஹைம்வரை போனான். மணிக்குப் பதினொரு கிலோமீட்டர் வேகம். சீட்டுக்குக் கீழே இன்ஜின், இன்ஜினில் தகிக்கும் குழாய், குழாய்க்கு மேலே பையன். வழியில் சீட்டு பற்றிக்கொண்டது. பின்பக்கம் சூடு கண்டு வேகமெடுத்த முதல் மோட்டார் சைக்கிள்காரன் அவன்தான்.

அப்புறம் வந்தது நாலு சக்கரம். இதுதான் எனக்குப் பிடித்த அத்தியாயம், ஏனென்றால் இதில் ஒரு பொய் இருக்கிறது.

1886 மார்ச் 8ஆம் தேதி ஸ்டுட்கார்ட்டின் வண்டி செய்யும் கடையான வில்ஹெல்ம் விம்ஃப் அண்ட் சன்னுக்கு டைம்லர் ஓர் ஆர்டர் கொடுத்தார். அமெரிக்கேன் என்ற ரகத்தில் ஒரு குதிரை வண்டி. கருநீலப் பெயின்ட், சிவப்புக் கோடு, கறுப்புத் தோல் மெத்தை. எதற்கு என்று கேட்டதற்கு, மனைவி எம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசு என்றார். எம்மாவின் பிறந்தநாள் ஏப்ரல் 29. வண்டி வந்தது ஆகஸ்ட் 28, அதுவும் ராத்திரி, திருட்டுத்தனமாக. பிறந்தநாள் பரிசு நாலு மாதம் கழித்து நடுராத்திரியில் வந்தால் எந்த மனைவிதான் நம்புவாள்? எம்மா என்ன சொன்னார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆட்டைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

பரிசு நேராக மைபாக் கைக்குப் போனது. எஸ்லிங்கன் இயந்திர ஆலையில் வைத்து வண்டியில் ஓட்டை போட்டார்கள். குதிரை பூட்டும் ஏர்க்காலைக் கழற்றிவிட்டு, முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு கைப்பிடி வைத்தார்கள். பின்சீட்டுக்கு முன்னால் தரையைத் துளைத்து 462 சிசி இன்ஜினை நட்டார்கள். 1.1 குதிரை சக்தி. சக்கரத்துக்கு சக்தி போக தோல் பெல்ட், இரண்டு கியர். மணிக்குப் பதினாறு முதல் பதினெட்டு கிலோமீட்டர். பெட்ரோலில் ஓடிய முதல் நாலு சக்கர மோட்டார் வண்டி தயார்.

சென்னைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க இவ்வளவு பேச வேண்டியதில்லை. மீன்பாடி வண்டி என்றால் போதும். மிதிக்கிற மூன்று சக்கர வண்டி, அதில் புதுப்பேட்டையில் எடை போட்டு வாங்கிய பழைய ஸ்கூட்டர் இன்ஜின், ஆர்.சி. புத்தகம் கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது, சைலன்சர் இருந்தால் அதிர்ஷ்டம், பிரேக் இருந்தால் தெய்வச் செயல். வேறொன்றுக்காகச் செய்த கூட்டில் வேறெங்கோ இருந்த இன்ஜினை ஏற்றிக்கொண்டு, போலீஸ் இல்லாத சந்தாகப் பார்த்து ஓட்டுவது. காசிமேட்டில் இதைச் செய்தால் பறிமுதல், கான்ஸ்டாட்டில் செய்தால் கண்டுபிடிப்பு. நமது மெக்கானிக்குகளுக்கு ஒரு நூறு வருஷம் லேட்டானதைத் தவிர அவர்கள் பக்கம் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்த 1886 வண்டியை இன்றைய ட்யூஃப் மையத்துக்குக் கொண்டுபோனால் எப்படி இருக்கும் என்று நானும் நண்பரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுத்தியலைத் தொட முடியாத வேளையில், நடித்துப் பார்த்தோம். நண்பர் அதிகாரி, நான் டைம்லர்.

“ஹெர் டைம்லர், இந்தக் கூட்டைச் செய்தது யார்?”

“விம்ஃப்.”

“இன்ஜின்?”

“வீட்டுத் தோட்டத்தில், செடி வளர்க்கிற குடிலில்.”

“இது என்ன தீ?”

“அது எரிய வேண்டிய தீதான் ஐயா.”

“பெட்ரோல் எங்கே?”

“தீக்குப் பக்கத்தில்.”

“வண்டியின் வகை?”

“மனைவியின் பிறந்தநாள் பரிசு.”

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். பழைய வண்டிகளுக்கென்று 1997இலிருந்து ஜெர்மனியில் எச் என்ற எழுத்தோடு தனி நம்பர் பிளேட் தருகிறார்கள். முப்பது வயது தாண்டியிருக்க வேண்டும், பிறந்த கோலம் கெடாமல் இருக்க வேண்டும். டைம்லரின் வண்டி வயதில் பாஸ், கோலத்தில் ஃபெயில். குதிரையைக் கழற்றியது அனுமதியில்லாத மாற்றம்.

நெக்கார் ஆற்றிலும் அதே வருஷம் கூத்து நடந்தது. படகு ஒன்றில் இன்ஜினை ஏற்றிச் சோதித்தார் டைம்லர். பெட்ரோல் என்றால் வெடிக்கும் என்று ஊரே பயந்த காலம். எனவே படகைச் சுற்றிலும் பீங்கான் குமிழும் கம்பியுமாகக் கட்டிவிட்டார், மின்சாரத்தில் ஓடுவது போலத் தெரியட்டும் என்று. எதில் ஓடுகிறது என்று கேட்டவர்களுக்கு, எண்ணெய்க்கான ஜெர்மன் சொல்லையும் எலெக்ட்ரிக்கையும் குழைத்து ஒரு பதில் சொன்னதாக அந்த ஊரில் கதை உண்டு. தமிழில் ‘எண்ணெய்லெக்ட்ரிக்’ என்று வைத்துக்கொள்ளலாம். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. இன்றைக்கு கார் கம்பெனிகள் இதற்கு ஹைபிரிட் என்று பெயர் வைத்துக் காசு வாங்குகின்றன.

வடக்கே நூறு கிலோமீட்டருக்குள், மான்ஹைமில் இன்னொரு வீட்டில் இதே நோய். கார்ல் பென்ஸ். மான்ஹைம் நகரின் நடுவில் தெருவுக்குப் பெயர் கிடையாது, சதுரங்கப் பலகை போல எழுத்தும் எண்ணும்தான். பென்ஸின் பட்டறை டி 6, 11. டைம்லர் இருந்த வண்டியில் இன்ஜினை ஏற்றினார். பென்ஸோ வண்டியையும் இன்ஜினையும் சேர்த்தே பெற்றெடுத்தார். மூன்று சக்கரம், 1886 ஜனவரி 29இல் காப்புரிமை விண்ணப்பம். அதனால்தான் கார் பிறந்தநாள் என்றால் பென்ஸைச் சொல்கிறார்கள். அது நியாயமும்கூட. ஆனால் ஹாட் ராட் ரத்தம் டைம்லருடையது.

பென்ஸ் வீட்டில் உண்மையான கராஜ்காரர் பென்ஸ் அல்ல, அவர் மனைவி பெர்தா. கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைக் கொடுத்து, பென்ஸைத் தொல்லைப்பிடித்த கூட்டாளியிடமிருந்து விடுவித்தவர். பென்ஸ் வண்டியைச் செய்துவிட்டுச் சும்மா மினுக்கிக்கொண்டிருந்தார், வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்ட் முதல் தேதி மான்ஹைம் அதிகாரிகள் பென்ஸுக்கு வண்டியோட்ட எழுத்துபூர்வமாக அனுமதி கொடுத்தார்கள். உலகின் முதல் டிரைவிங் லைசென்ஸ் என்று அதைச் சொல்வார்கள். அதே மாதம் பெர்தா, புருஷன் எழுந்திருக்கும் முன், இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, லைசென்ஸ் இல்லாமல், நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருந்த ஃபோர்ட்ஸ்ஹைமில் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பெட்ரோல் பங்க் என்ற ஒன்று அப்போது இல்லை. கறை போக்க மருந்துக்கடையில் விற்ற லிக்ரோயின்தான் எரிபொருள், அதை வீஸ்லோக் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தது, தொப்பி ஊசியால் குத்தினார். கம்பியின் உறை தேய்ந்தது, காலுறைப் பட்டியைச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தது, செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். மேட்டில் பையன்கள் தள்ளினார்கள். திரும்பி வந்து, மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று புருஷனுக்குக் கணக்கு ஒப்பித்தார். அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரு பெண் கிளம்பினால் நல்லது நடக்காது என்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கவும்.

மான்ஹைமுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அந்த ஊர் மதுவடிப்பாலை ஒன்றில் 1865இல் நீராவிக் கொதிகலன் வெடித்தது. அடுத்த வருஷமே ஆலைக்காரர்கள் கூடி, கொதிகலன்களைச் சோதிக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கத்தின் வம்சம்தான் இன்றைய ட்யூஃப். பெர்தா லைசென்ஸில்லாமல் வண்டியைக் கிளப்பியபோது, பிற்காலத்தில் வண்டி மறிக்கப்போகும் ஆசாமிக்கு அதே ஊரில் இருபத்திரண்டு வயது. அப்போது அவருக்குக் கொதிகலன் மட்டும்தான் தெரியும். கார்களைக் கட்டாயமாகச் சோதிக்கும் சட்டம் 1951இல்தான் வந்தது. என் நண்பர் பிறந்தது அதற்கும் பிறகு. அதுதான் அவர் செய்த பாவம்.

டைம்லரும் பென்ஸும் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை. டைம்லர் 1900இல் போய்ச் சேர்ந்தார். 1926இல் இரண்டு கம்பெனிகளும் ஒன்றானபோது சாட்சிக்கு பென்ஸ் மட்டும்தான் உயிரோடு இருந்தார். சீட்டு பற்றி எரிந்த அந்த மர மோட்டார் சைக்கிள் 1903இல் ஆலையில் நடந்த தீ விபத்தில் முழுசாகவே எரிந்துபோனது. முதல் தடவை விட்ட இடத்திலிருந்து நெருப்பு வேலையைத் தொடர்ந்திருக்கிறது. இப்போது மியூசியங்களில் நிற்பவை பிற்பாடு செய்த நகல்கள். தோட்டக்காரர் யார்மேல் புகார் கொடுத்தாரோ அவர் பெயரைத் தாங்கிய கம்பெனி ஒரகடத்தில் 2012இலிருந்து பாரத்பென்ஸ் லாரி செய்கிறது. அவற்றில் சில காசிமேட்டுப் பக்கம் மீன்பாடி வண்டிக்கு ஹாரன் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கண்ணாடிக் குடில் இன்னும் இருக்கிறது. பாட் கான்ஸ்டாட்டில், டௌபென்ஹைம் தெருவில், பூங்காவை ஒட்டி. நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். ஸ்டுட்கார்ட்டில் பளபளக்கும் பெரிய மியூசியத்துக்கு ஓடும் கூட்டம் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. அந்தப் பக்கம் போனால் ஓர் அரைமணி ஒதுக்குங்கள். என் நண்பர் இதுவரை மூன்று முறை போய் வந்துவிட்டார். பீட்டில் இன்னும் கராஜில்தான் நிற்கிறது.